நாலாயிரம் முதுகும் ஏழாவது பாட்டும்

சுவரக்கா இருபத்திரண்டு வருடமாகக் கச்சேரிகளில் நிற்கிறாள். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

இதில் குழம்ப ஒன்றும் இல்லை. பெரிய அரங்குகளில் மேடைக்கும் முதல் வரிசைக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஓர் இரும்புத் தடுப்பு இருக்குமே, அதன் உட்புறம் எட்டுக் காவலர்கள் நிற்பார்கள். நடுவில் நிற்பவள் இவள். ஆளின் அகலத்தைப் பார்த்து யாரோ வைத்த பேர் சுவரக்கா. மேடைக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம். யார் தடுப்பைத் தாண்டப் பார்க்கிறார்கள், யார் மயங்கி விழப் போகிறார்கள், யார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுக்கிறார்கள் என்று கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் பாடகர் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடினாலும் அது அவள் பாடு இல்லை.

திரும்பினால் வேலை போய்விடும். சும்மா மிரட்டலுக்குச் சொல்வதில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒரு பாடகி ஆடிக்கொண்டே மேடையிலிருந்து உருண்டு, ஒல்லியான காவலர் ஒருவரின் காலடியில் வந்து விழுந்தாள். மனுஷன் பதறிப்போய்த் திரும்பி அவளைத் தூக்கி நிறுத்தினார். மறுநாள் அவருக்கு வேலை இல்லை. பாடகி நன்றி சொல்லிப் பூங்கொத்து அனுப்பினாள். அது ஒரு வாரம் அலுவலக மேஜையில் கிடந்து வாடியது.

ஆனாலும் கச்சேரியைப் பற்றிச் சுவரக்காவிடம்தான் கேட்க வேண்டும். மேடையைப் பார்க்காவிட்டால் என்ன, முகங்களைப் பார்த்திருக்கிறாளே! நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறவர் ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேருடைய ரசிகர்களும் அவளுக்கு அத்துப்படி.

கண்ணீர்ப் பாடகர் என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய ஆட்கள் வாசலில் டிக்கெட்டைக் காட்டும்போதே மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிடுவார்கள். மூன்றாவது பாட்டில் ஊளை. யார் அதிகமாக அழுதது என்று பக்கத்து இருக்கைக்காரரோடு போட்டி வேறு. அழுது முடித்துத் துண்டைப் பிழிந்தால் முதல் வரிசையில் தரை வழுக்கும். சுவரக்கா இவர்களுக்கென்றே தோளில் பத்துத் துண்டு போட்டுக்கொண்டு நிற்பாள். கொடுக்கும்போதெல்லாம் மனசுக்குள் திட்டுவாள். அப்படி என்னத்தைக் கண்டுவிட்டதுகளாம், இந்த அழுகை அழுவதற்கு?

குதிக்கிற கோஷ்டி ஒன்று உண்டு. ஐந்து பேர், ஐந்து கிடார். அவர்களுடைய ரசிகர்கள் வந்து போனால் நாற்பது இருக்கைகளாவது தரையிலிருந்து கழன்று வந்திருக்கும். பார்க்கத்தான் காட்டுமிராண்டிகள், பழகினால் தங்கம். குதிக்கிற குதியில் நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அக்கா, சாப்டீங்களா?" என்று கேட்பார்கள். முடிந்ததும் கழன்ற இருக்கைகளை வரிசையாக அடுக்கி வைத்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவார்கள்.

புல்லாங்குழல்காரர் ஒருவருடைய ஆட்கள் இருக்கிறார்களே, அப்பப்பா! மூச்சையே முறை வைத்துத்தான் விடுவார்கள். இருமல் வந்தால் தானாக எழுந்து வெளியே போய்விட வேண்டும். ஒருமுறை தும்மிவிட்ட ஒரு பல் டாக்டர், வாசலிலேயே அத்தனை பேருக்கும் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார்.

இத்தனை பேரையும் முகம் பார்த்தே எடைபோட்ட சுவரக்கா ஒரே ஓர் இடத்தில்தான் தோற்றுப்போனாள். அது வெட்கக்காரரின் ஏழாவது பாட்டு.

வெட்கக்காரர் வயதான பாடகர். ஆரம்ப காலத்தில் ஒரு கச்சேரியில் ஏழாவது பாட்டுக்கு வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. "எல்லாரும் என்னையே பாக்கிறீங்க, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கிறீங்களா?" என்று கெஞ்சினார். கூட்டம் பாவப்பட்டுத் திரும்பிக்கொண்டது. மனுஷன் பிளந்து கட்டிவிட்டார். அன்றிலிருந்து அதுவே வழக்கம். ஏழாவது பாட்டின் முதல் ஸ்வரம் கேட்டதும் மொத்த அரங்கும் எழுந்து பின்பக்கம் திரும்பிப் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கைதட்டக் கூடாது. எட்டிப் பார்க்கவே கூடாது. ஒருத்தர் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துத் திருட்டுத்தனமாக மேடையைப் பார்த்துப் பிடிபட்டார். ரசிகர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். அவர் மனைவியும் சங்கத்தில் உறுப்பினர் என்பதால் வீட்டிலும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அந்த வெட்கக்காரரின் குழுவில்தான் சுவரக்காவின் மகளுக்கு வேலை கிடைத்தது.

என்ன வேலை? சிம்பல். இரண்டு பெரிய பித்தளைத் தட்டுகள். கச்சேரி முழுவதற்கும் சேர்த்து ஒரே ஓர் அடி. அந்த ஓர் அடியும் ஏழாவது பாட்டில். பாட்டு ஆரம்பித்து இருநூற்றுப் பன்னிரண்டு எண்ண வேண்டும், பன்னிரண்டில் 'ஜ்ஜாங்!' அவ்வளவுதான். பிறகு தட்டுகளை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். இதற்கு நான்கு வருடப் படிப்பு, மூன்று தேர்வு.

வீட்டில் அவள் பயிற்சி செய்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! இரண்டு பாத்திர மூடிகளைக் கையில் பிடித்துக்கொண்டு உதட்டுக்குள் எண்ணுவாள். அப்பா வீட்டிலேயே தையல் தைப்பவர். மகள் எண்ணத் தொடங்கினால் எந்திரத்தை மிதிக்காமல் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாடிவீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் தட்டினார். "சத்தத்தைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலம்மா. அது எப்ப வரும் எப்ப வரும்னு காத்துக்கிட்டிருக்கிறதுதான் தாங்க முடியல. எனக்கு பிரஷர் இருக்கு."

அப்பாவுக்கு வேறு கவலை. "என் பொண்ணு ஜால்ரா அடிச்சுப் பொழைக்கிறான்னு வெளியில சொல்ல முடியுமா? ஊர் என்ன நெனைக்கும்?"

சுற்றுப்பயணத்தில் சுவரக்கா வேலை செய்கிற அரங்குக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள், சாயங்காலம் ஐந்து மணி. அட்டவணை வந்த அன்று மகள் அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ஸ்கூல் டான்ஸுக்கு நீ வரல. எனக்கு முதல் பரிசு கொடுத்தப்போ வரல. ஒவ்வொரு தடவையும் டியூட்டி."

"ஆமா, டியூட்டிதான். ஊர் சுத்தப் போனேனா நான்?"

"நான் கொறை சொல்லல. இந்தத் தடவை நீயும் அதே அரங்குலதான் இருக்கப் போறே. பத்தடி தூரத்துல. அப்பவும் பாக்க மாட்டே."

சுவரக்கா எழப் பார்த்தாள். மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நாலாயிரம் பேர் திரும்பிக்குவாங்க. குழுவுல மத்தவங்க அவங்கவங்க தாளைப் பாப்பாங்க. பாட்டுக்காரர் கண்ணை மூடிக்குவாரு. நான் அடிக்கிறதை இந்த உலகத்துல ஒரு ஆள் பாக்க மாட்டாங்கம்மா. பரவாயில்லை விடு. உன் முதுகைப் பாத்துக்கிட்டே அடிச்சுக்கிறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெற்ற பிள்ளை அம்மாவின் முதுகை நம்பி மேடை ஏறுவதா? அன்று சுவரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடுப்புக் கேட்டாள். சூப்பர்வைசர் அரங்கின் விதிப்புத்தகத்தை எப்போதும் அக்குளில் இடுக்கிக்கொண்டு திரிகிறவர். தூங்கும்போதும் அப்படித்தான் என்று பேச்சு. "அரங்கு நெறஞ்ச அன்னிக்கு லீவு கெடையாது. மூணாம் விதி," என்றார். டிக்கெட் வாங்கலாமென்றால் அது விற்றுத் தீர்ந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஓர் அடி அடிக்கிறவளின் குடும்பத்துக்கு இலவச அனுமதி தரும் வழக்கமும் குழுவில் இல்லை.

சுவரக்கா மூன்று நாள் யோசித்தாள். திரும்பிவிடலாம், ஒரு வினாடிதானே? ஆனால் அப்பாவின் தையலில் ஓடுகிற குடும்பம் இல்லை அது. நான்காம் நாள் குளிர்சாதன அறையின் பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பொறி தட்டியது. பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு நேரே சூப்பர்வைசர் அறைக்குப் போனாள்.

"சார், பதினாலாம் விதியைப் படிங்க."

அவருக்குப் படிக்கத் தேவையில்லை, மனப்பாடம். "கச்சேரி நடக்கும்போது காவலர் எந்நேரமும் பார்வையாளர்களின் முகத்தைப் பார்த்தபடியே நிற்க வேண்டும்."

"போன வருஷம் வெட்கக்காரர் வந்தப்போ ஏழாவது பாட்டுக்கு நாங்க எதைப் பாத்துக்கிட்டு நின்னோம்?"

சூப்பர்வைசர் புத்தகத்தை அக்குளிலிருந்து உருவினார்.

"முதுகை, சார். நாலாயிரம் முதுகை. எட்டுப் பேரும் விதியை மீறியிருக்கோம். நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். ஒல்லிக் காவலரை வேலையை விட்டு அனுப்பியவரே அவர்தான். "இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இதுவரைக்கும் இல்ல."

"இப்ப என்னம்மா பண்றது?"

"முகம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் நாங்க போகணும். கூட்டம் திரும்பினதும் எட்டுப் பேரும் படியேறிப் பின்சுவருக்குப் போயிடுறோம். அங்கேயிருந்து முகத்தைப் பாக்கிறோம்."

பின்சுவரில் நின்றுகொண்டு முகங்களைப் பார்த்தால் மேடையும் கண்ணில் படும். அதை அவள் சொல்லவில்லை. மேடையைப் பார்க்கக் கூடாது என்று புத்தகத்தில் எங்கேயும் எழுதியிருக்கவும் இல்லை.

சூப்பர்வைசர் புத்தகத்தை முன்னும் பின்னும் இரண்டு தடவை புரட்டினார். முகம் மெல்ல மலர்ந்தது. "விதிப்படிதான் இருக்கு," என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்ததைப் போல.

வேலை அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. அரங்கின் நடைபாதையில் அறுபத்து நான்கு படிகள். முகங்கள் இந்தப் பக்கம் இருக்கும்வரை காவலர் நகரக் கூடாது, அது பதினான்கு. அரங்குக்குள் காவலர் ஓடக் கூடாது, கூட்டம் மிரளும், அது ஒன்பது. ஆக, ஏழாவது பாட்டு தொடங்கிக் கூட்டம் திரும்பிய பிறகுதான் கிளம்ப வேண்டும், நடந்துதான் ஏற வேண்டும். இருநூற்றுப் பன்னிரண்டு எண்ணுவதற்கு இரண்டு நிமிடம். காலி அரங்கில் ஒத்திகை பார்த்தபோது மற்ற ஏழு பேரும், வயிற்றைக் கலக்கியவர்கள் கழிப்பறை தேடிப் போகிற வேகத்தில் ஒன்றரை நிமிடத்தில் ஏறிவிட்டார்கள். சுவரக்காவுக்கு மூன்றரை ஆனது. இருபத்திரண்டு வருடம் ஒரே இடத்தில் நின்று தேய்ந்த முட்டி அது.

பத்து நாள் ஏறி இறங்கினாள். எண்ணெய் தேய்த்தாள், துணி கட்டினாள், முட்டியை வாய்விட்டுக் கெஞ்சினாள். கடைசியாக ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து வினாடிக்கு வந்தது. மகளிடம் மூச்சு விடவில்லை. ஆசை காட்டி மோசம் பண்ணியதாக ஆகிவிடக் கூடாது என்ற பயம்.

ஞாயிற்றுக்கிழமை எள் போட இடமில்லாத கூட்டம். வெட்கக்காரரின் ரசிகர்கள் பெரும்பாலும் மரியாதையான ஆட்கள். ஆறு பாட்டுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரக்கா தன் இடத்தில் நின்றாள். முதுகு குறுகுறுத்தது. மகள் பின்னால் எங்கேயோ தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு இந்த முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும்.

ஏழாவது பாட்டின் முதல் ஸ்வரம் வந்தது. நாலாயிரம் பேர் எழுந்தார்கள். நாலாயிரம் பேர் திரும்பினார்கள். சூப்பர்வைசர் விரலைச் சொடுக்கினார்.

ஒன்று, இரண்டு, மூன்று. சுவரக்கா உதட்டுக்குள் எண்ணிக்கொண்டே படியில் காலை வைத்தாள்.

எழுபது எண்ணும்போது இருபத்தைந்து படி ஏறியிருந்தாள். நூறு எண்ணும்போது முப்பத்தாறு. நூற்றுப் பதினெட்டில் முட்டி பிடித்துக்கொண்டது. காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. மற்ற ஏழு பேரும் மேலே போய்விட்டார்கள்.

"நாசமாப் போன முட்டியே, இன்னிக்கு ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?"

சத்தமாகச் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நடைபாதை ஓரத்தில் நின்றவர்கள் விறைத்தார்கள். சத்தம் கீழேயிருந்து வருகிறது, திரும்பிப் பார்க்க வழக்கம் இடம் கொடுக்காது. ஓர் ஆள் தலையை அசைக்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டினார். "யாருன்னு தெரியல, கையைப் பிடிச்சுக்கோங்க." சுவரக்கா பிடித்துக்கொண்டாள். மேல்படி ஆளும் நீட்டினார். அதற்கு மேலே ஒரு பெண்ணும் நீட்டினாள். இத்தனை வருடம் கூட்டத்தின் கைகளைப் பிடித்துத் தள்ளியே பழகியவளை ஒரு கை இழுத்து அடுத்த கையிடம் கொடுத்தது. நூற்று எழுபது. நூற்றுத் தொண்ணூறு. நொண்டிக்கொண்டே அறுபத்து நான்காம் படி ஏறிப் பின்சுவரில் கையை ஊன்றினாள். இருநூற்று ஆறு.

திரும்பினாள்.

அடக் கடவுளே, இவ்வளவு சின்ன மேடையா? முதலில் அதுதான் தோன்றியது. இருபத்திரண்டு வருடம் இந்தப் பொட்டிக்குத்தானா காவல் காத்தோம்! நடுவில் கிழவர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார். வலது ஓரத்தில், பெரிய முரசுக்குப் பக்கத்தில், சிவப்புச் சட்டையில் அவள் பெண் எழுந்து நிற்கிறாள். இரண்டு கையிலும் இரண்டு தட்டு. தலை குனிந்திருக்கிறது. கண்கள் தடுப்பின் நடுவில், சுவரக்கா வழக்கமாக நிற்கிற இடத்தில் எதையோ தேடுகின்றன. அங்கே முதுகுகூட இல்லை.

இருநூற்றுப் பத்து. பதினொன்று.

'ஜ்ஜாங்!'

வீட்டில் பாத்திர மூடியில் கேட்டதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அரங்கு முழுக்க வெளிச்சம் போட்டது போல இருந்தது சுவரக்காவுக்கு. மகள் தட்டுகளை அகல விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள், கச்சிதமாக, ஒரு நூல் பிசகாமல். முகம் மட்டும் வாடியிருந்தது.

அடிக்குப் பிறகு நான்கு எண்ணும் வரை பாட்டில் மௌனம். வெட்கக்காரரும் பாட மாட்டார், நாலாயிரம் பேரும் மூச்சு விட மாட்டார்கள். அந்த மௌனத்தில், எந்த விதியும் எந்த வழக்கமும் அனுமதிக்காத ஒன்றைச் சுவரக்கா செய்தாள். தன் இரண்டு பெரிய கைகளையும் அகல விரித்து ஒரே ஒரு தடவை தட்டினாள்.

மகள் நிமிர்ந்தாள். அவள் முன்னால் நாலாயிரம் முதுகு. அவற்றுக்கு மேலே, பின்சுவரோரம், எட்டே எட்டு முகம். நடுவில் இருக்கும் முகம் யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா?

'ஜ்ஜாங்!'

தாளில் இல்லாத இரண்டாவது அடி! வெட்கக்காரர் கண்ணைத் திறந்துவிட்டார். குழுவினர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்கள். வெட்கக்காரர் மெதுவாக அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆனால் ஒரு பெண்பிள்ளையை நாலு பேர் முன்னால் திட்ட அவருக்கு வெட்கமாக இருந்தது. பாட்டைத் தொடர்ந்துவிட்டார்.

கூட்டம்தான் கலங்கிப்போனது. இருபது வருடமாகக் கேட்கிற பாட்டு, ஓர் அடிதான், இரண்டாவது எங்கேயிருந்து வந்தது? கழுத்துகள் தவித்தன. நாலாயிரம் தலையும் திரும்பத் துடித்தன. திரும்பினால் கிழவரின் குரல் போய்விடும் என்று சுவரக்காவுக்குப் புரிந்தது.

"யாரும் திரும்பாதீங்க!" என்றாள், தடுப்பில் நின்று பழகிய அதே அதட்டலான குரலில். "நான் பாத்துக்கிட்டிருக்கேன். நான் சொல்றேன்."

கடைசி வரிசையில், இரண்டடி தூரத்தில் அவளுக்கு நேர் எதிரே நின்ற பெண், அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். "தொடைச்சுக்கோங்க அக்கா."

அப்போதுதான் சுவரக்கா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்துவரை நனைந்திருந்தது. கண்ணீர்ப் பாடகரின் ஆட்கள் தோற்றுவிடுவார்கள். கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்தினாள்.

"என்னக்கா தெரியுது அங்கே?" என்று அந்தப் பெண் கிசுகிசுத்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக நாலாயிரம் முகமும் சுவரக்காவின் முகத்தையே பார்த்தன, மேடையைப் பார்ப்பது போல.

"ஒரு பொண்ணு," என்றாள் சுவரக்கா. "சிவப்புச் சட்டை. ரெண்டு தட்டையும் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. உட்காரவே மாட்டேங்கிறா. சிரிக்கிறா."

"யாருக்கா அது?"

"என் பொண்ணு."